வீட்டுப் பட்டறையில் தேய்ப்பு வட்டு இயந்திரம்: தோல் தொழில் குடும்பங்களுக்கான பாதுகாப்பு விளக்கம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, வேலூர் ஆகிய பகுதிகளில் காலணித் தொழில் தொழிற்சாலைச் சுவர்களுக்குள் மட்டும் நடைபெறுவதில்லை. மேற்பாகம் தைத்தல், அடிப்பாகத்தின் ஓரத்தைத் தேய்த்துச் சமன்செய்தல், குதிப்பகுதியைச் சீர்செய்தல், பழைய காலணிகளைப் பழுதுபார்த்தல் முதலிய பணிகள் வீட்டுத் திண்ணைகளிலும் பின்கட்டு அறைகளிலும் நடைபெறுகின்றன. இப்பணிகளுள் சிலவற்றிற்கு மேசைமேல் பொருத்தப்படும் டிஸ்க் சாண்டர் பயன்படுகிறது. சுழலும் உலோக வட்டின் மேல் உப்புத்தாள் ஒட்டப்பட்ட இந்த இயந்திரத்தை இப்பக்கத்தில் தேய்ப்பு வட்டு இயந்திரம் என்று குறிப்பிடுகிறோம்.

இந்த இயந்திரத்தால் இரண்டு வகைத் தீங்குகள் நேரலாம். ஒன்று, கையிலும் கண்ணிலும் ஏற்படும் காயம். இது உடனே தெரியும். மற்றொன்று, தேய்க்கும்போது எழும் நுண்தூசியால் வரும் பாதிப்பு. இது பல ஆண்டுகள் கழித்தே தெரியக்கூடும். மேலும் வீட்டில் எழும் தூசி இயந்திரத்தை இயக்குபவரோடு நிற்பதில்லை; அதே வீட்டில் உறங்கும் குழந்தையையும் முதியவரையும் நோயாளியையும் சென்றடைகிறது. ஆகவே இவ்விளக்கம் இயந்திரத்தை இயக்குபவருக்கும் அவருடன் வாழும் குடும்பத்தினருக்கும் உரியது.

இயந்திரத்தின் வேகம்

200 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டு நிமிடத்திற்கு 1,440 முறை சுழலுமானால், அதன் விளிம்பு நொடிக்கு சுமார் 15 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. இது மணிக்கு 54 கிலோமீட்டருக்குச் சமமாகும். வட்டைத் தொட்ட விரலை அனிச்சையாக இழுத்துக்கொள்ளும் முன்பே தோலும் நகமும் தேய்ந்துவிடும். விரலுக்கு அஞ்சிக் கை பின்வாங்கும் என்று நம்பியிருத்தல் கூடாது. விரல் வட்டை அடையாதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

யார் இந்த இயந்திரத்தை இயக்கக் கூடாது?

• விரல்களில் உணர்ச்சி குறைந்தவர்கள். நீண்டநாள் நீரிழிவு நோயாலோ தொழுநோயாலோ விரல் உணர்ச்சி குன்றியிருக்கலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் பிற்பகுதி முதல் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தாமாக உதிர்வதில்லை என்பதை எடுத்துக்காட்டினார். வலி தெரியாத விரலில் சூடும் சிராய்ப்பும் மீண்டும் மீண்டும் நேர்ந்து, கவனிப்பின்றி விடப்படுவதே இழப்பிற்குக் காரணமாகும். தேய்க்கப்படும் பொருள் விரைவில் சூடாகும் என்பதால் இந்த இயந்திரத்திற்கும் இது பொருந்தும்.
• வலிப்பு நோய் உள்ளவர்கள். தலைச்சுற்றல் அல்லது தூக்கக் கலக்கம் தரும் மருந்துகளை உட்கொள்பவர்கள். சில ஒவ்வாமை மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் இவ்வகையைச் சேர்ந்தவை.
• கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மருத்துவரின் அனுமதி பெறாதவர்கள்.
• சிறுவர், சிறுமியர். உதவிக்காகவும் அவர்களை அருகில் நிறுத்த வேண்டாம்.

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்களுக்குச் சிறு காயத்திலும் இரத்தப்போக்கு மிகலாம். ஆஸ்துமா உள்ளவர்களும் கருவுற்றவர்களும் தேய்ப்புத் தூசியையும் பசையின் ஆவியையும் தவிர்த்தல் நலம்.

தோல் தூசி ஏன் தீங்கானது?

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, தோல் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துள்ளது. மரத்தூசியும் அதே பிரிவில் உள்ளது. இவற்றால் மூக்கின் உட்பகுதியிலும் அதைச் சூழ்ந்த காற்றறைகளிலும் புற்றுநோய் வரக்கூடும்.

ஆம்பூரைப் போலவே காலணித் தொழிலுக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயர் பகுதியில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வு 1970-இல் வெளியாயிற்று. அங்கு இந்நோய் காலணித் தொழிலாளர்களிடம் மிகுந்து காணப்பட்டது. அவர்களுள்ளும் தூசி மிகுந்த பிரிவுகளில் பணியாற்றியவர்களே பெரும்பாலும் பாதிக்கப்பட்டிருந்தனர். இது மிக அரிதான நோய் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தோல் வேலை செய்யும் அனைவருக்கும் இது வருவதில்லை. எனினும் தூசி குறையுமானால் ஆபத்தும் குறையும்.

தூசியால் மூக்கடைப்பு, தும்மல், கண் எரிச்சல், இருமல் ஆகியவை உண்டாகலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு தீவிரமடையலாம். குரோமியம் கொண்டு பதனிடப்பட்ட தோலின் தூசி சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். பதனிடுதலில் பயன்படும் குரோமியத்தைவிட, சில சூழல்களில் அதிலிருந்து உருவாகும் ஆறு இணைதிறன் குரோமியம் அதிகத் தீங்கானது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதம் முதல், உடலில் படும் தோல் பொருள்களில் அதன் அளவு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்று வரையறுத்துள்ளது.

இயந்திரத்தை எங்கு வைக்க வேண்டும்?

• சமையலறை, படுக்கையறை, குடிநீர் வைக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து பிரிந்த இடத்தில் வைக்கவும். தனி அறை இல்லையெனில், மேற்கூரையுள்ள திறந்த பின்கட்டு ஏற்றது.
• தூசியை எழும் இடத்திலேயே உறிஞ்சும் குழாயை இயந்திரத்தின் தூசி வெளிவாயில் பொருத்துவதே முதன்மையான பாதுகாப்பு. முகக்கவசம் இதற்கு அடுத்த நிலையிலேயே வரும்.
• வெளியேற்றும் மின்விசிறி, அண்டை வீட்டுச் சன்னலை நோக்கி இருத்தல் கூடாது.
• கோடை வெப்பத்தில் மேசை மின்விசிறியை அருகில் வைத்துத் தேய்க்கும் பழக்கம் உண்டு. அது தூசியை வீடு முழுவதும் பரப்பிவிடும். அடிக்கடி ஓய்வெடுத்து, தண்ணீர் அருந்தி, வெயில் தணிந்த நேரத்தில் வேலை செய்யலாம்.
• பசை, தின்னர் ஆகியவற்றின் கலன்களை அதே அறையில் திறந்து வைக்க வேண்டாம். அவற்றின் ஆவி எளிதில் தீப்பற்றும்.
• நிலஇணைப்புள்ள மூன்றுமுனை மின்செருகியையும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனத்தையும் பயன்படுத்தவும்.

தொடங்கும் முன்

1. சேலை முந்தானை, துப்பட்டா, லுங்கியின் தொங்கும் பகுதி ஆகியவற்றை இறுகச் செருகவும். வளையல், மோதிரம், கைக்கயிறு, கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றவும். கூந்தலைக் கொண்டையாக முடிந்துகொள்ளவும்.
2. கையுறை அணிந்து வட்டின் அருகில் வேலை செய்ய வேண்டாம். வட்டு கையுறையைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுக்கும்.
3. பக்கங்களிலும் மூடிய கண்ணாடியையும், முகத்தோடு பொருந்தும் என்95 முகக்கவசத்தையும் அணியவும். கைக்குட்டையும் அறுவை முகக்கவசமும் நுண்தூசியைப் போதிய அளவு தடுப்பதில்லை. அடர்ந்த தாடி இருப்பின் கவசம் சரியாகப் பொருந்தாது.
4. ஒரு கை தொலைவில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால், காது அடைப்பான் தேவை.
5. உப்புத்தாள் கிழிந்தோ விளிம்பு எழும்பியோ உள்ளதா எனப் பார்க்கவும். மாற்றும் முன் மின்செருகியைக் கழற்றவும்.
6. இயந்திர மேடைக்கும் வட்டுக்கும் இடையிலான இடைவெளி 1.5 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் தேய்க்கும் பொருளும் விரலும் உள்ளே இழுக்கப்படலாம்.
7. காலணியில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா எனத் தடவிப் பாராமல், கண்ணால் பார்த்து அகற்றவும். ஆணி வட்டில் பட்டால் தீப்பொறி எழும். சேர்ந்திருக்கும் தூசி பற்றக்கூடும். இரும்பைத் தேய்க்கும் வேலையை இதே இயந்திரத்தில் செய்ய வேண்டாம்.

வேலை செய்யும்போது

• வட்டின் எந்தப் பாதி கீழ்நோக்கி இறங்குகிறதோ, அந்தப் பாதியில் மட்டும் தேய்க்கவும். அங்கு பொருள் மேடையின் மீது அழுந்தி நிற்கும். மேல்நோக்கி எழும் பாதியில் வைத்தால் பொருள் கையிலிருந்து பிடுங்கி எறியப்படும். தூசியும் முகத்தை நோக்கி வரும்.
• வட்டு முழு வேகத்தை அடைந்த பின்னரே பொருளை மெல்ல அணைக்கவும். வலிந்து அழுத்த வேண்டாம்.
• ஒரே இடத்தில் நிறுத்தாமல் பொருளை நகர்த்திக்கொண்டே இருக்கவும். தோல் கருகும் மணம் வந்தால் நிறுத்திவிடவும்.
• குதித்துண்டு போன்ற சிறிய பொருள்களை விரலால் பிடிக்காமல், மரத்தாலான பிடிப்பானில் பொருத்தித் தேய்க்கவும்.
• மின்தடை ஏற்பட்டால் உடனே சுவிட்சை அணைக்கவும். அணைக்காமல் விட்டால், மின்சாரம் திரும்பும்போது வட்டு தானாகச் சுழலத் தொடங்கும்.
• சுவிட்சை அணைத்த பின்னும் வட்டு சிறிது நேரம் சுழலும். அது முழுமையாக நிற்கும் வரை அவ்விடத்தை விட்டு அகல வேண்டாம். கையால் நிறுத்தவும் வேண்டாம்.

வேலை முடிந்த பின்

உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதும், காற்றழுத்தக் குழாயால் ஊதுவதும் படிந்த தூசியை மீண்டும் காற்றில் எழுப்பும். ஈரத்துணியால் துடைக்கவும். தூசிப் பையை நாள்தோறும் வெளியில் வைத்துக் காலிசெய்யவும். முகக்கவசத்தைத் தரை துடைத்து முடிக்கும் வரை கழற்ற வேண்டாம்.

வேலைக்கென ஒரு மேலுடையைத் தனியே வைத்துக்கொண்டு, அதைப் பட்டறையிலேயே கழற்றிவிட வேண்டும். கை, முகம் கழுவிய பின்னரே குழந்தையைத் தூக்குதலும் உணவு உண்ணுதலும் தகும். அந்த உடையைக் குடும்பத்தினரின் துணிகளோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். துவைக்கும் முன் உதறவும் வேண்டாம்.

காயம் ஏற்பட்டால்

• முதலில் மின்சாரத்தை நிறுத்தவும்.
• சிராய்ப்பாயின், ஓடும் தூய நீரில் நன்கு கழுவி, தூய துணியால் மூடவும். காபித்தூள், மஞ்சள்தூள், பசை ஆகியவற்றை இட வேண்டாம். காயத்தைத் தூய்மைசெய்வது அவற்றால் கடினமாகும்.
• இரத்தம் பெருகினால் தூய துணியை வைத்து விடாமல் அழுத்தி, கையை நெஞ்சு மட்டத்திற்கு மேல் உயர்த்திப் பிடிக்கவும்.
• விரல் துண்டிக்கப்பட்டால், அப்பகுதியை ஈரமான தூய துணியில் சுற்றி, நீர் புகாத நெகிழிப் பையில் இட்டுக் கட்டவும். அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைக்கவும். விரல் பனிக்கட்டியை நேராகத் தொடக் கூடாது. காலம் தாழ்த்தாமல் 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.
• கண்ணில் தூசி விழுந்தால் தேய்க்காமல் தூய நீரால் கழுவவும். கண்ணில் துண்டு குத்தியிருந்தால் அதைப் பிடுங்கக் கூடாது. அழுத்தாமல் மறைத்து மருத்துவமனைக்குச் செல்லவும்.
• சிறிய காயமாயினும், ரணஜன்னித் தடுப்பூசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்கவும். நீரிழிவு உள்ளவர்கள் விரல் காயத்தை வீட்டிலேயே ஆற்றிக்கொள்ள முயல வேண்டாம்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• மூக்கின் ஒரு பக்கம் மட்டும் அடைப்போ இரத்தக் கசிவோ மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தல்
• முகத்தில் ஒரு பக்க வீக்கம் அல்லது மரத்துப்போதல். பார்வை இரண்டாகத் தெரிதல்
• வேலை நாள்களில் மிகுந்து, விடுமுறை நாள்களில் குறையும் இருமல் அல்லது இழுப்பு
• கைகளில் ஆறாத வெடிப்பு, அரிப்பு, சிவத்தல்

இவற்றுக்குப் பெரும்பாலும் சளி, ஒவ்வாமை போன்ற எளிய காரணங்களே இருக்கும். ஆயினும் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருமுறை பார்த்து உறுதிசெய்தல் வேண்டும்.

மருத்துவரிடம் உங்கள் தொழிலைச் சொல்லுங்கள்

தூசியால் வரும் மூக்குப் புற்றுநோய், வேலையைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் கழித்தும், வேலையை விட்ட பிறகும் வெளிப்படலாம். அறுபது வயதில் மூக்கடைப்புக்காக வரும் ஒருவர், இருபது வயதில் தாம் காலணி ஓரம் தேய்த்ததைச் சொல்லாவிட்டால், மருத்துவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. வீட்டு வேலைக்கு வருகைப் பதிவேடும் கிடையாது. ஆகவே என்ன வேலை, எந்தப் பொருள், எத்தனை ஆண்டுகள், தூசி உறிஞ்சும் வசதி இருந்ததா என்பனவற்றை ஒரு தாளில் எழுதி, மருத்துவக் கோப்பில் வைத்துக்கொள்ளவும். முதியவர்களுக்காக அவர்களின் பிள்ளைகள் இதனை எழுதித் தரலாம்.

உதவி பெறும் வழிகள்

அவசர உதவிக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை, அடுக்கம்பாறையிலுள்ள அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றை அணுகலாம். காலணி மற்றும் தோல் பொருள் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாடு அரசின் நல வாரியம் உள்ளது; பதிவு குறித்து மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டறியவும்.

இவ்விளக்கம் பொதுவான தகவலுக்கு மட்டுமே. இது மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகாது.