பதின்பருவம் என்னும் கண்டம்: குழந்தைகளின் இதய மாற்றுச் சிகிச்சையும் அதன் நெடுங்கால விளைவுகளும்

1967 டிசம்பரில் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்டு முதல் இதய மாற்று அறுவையைச் செய்த மூன்றே நாளில், நியூயார்க்கின் புரூக்ளினில் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத சிசுவுக்கு வேறொரு சிசுவின் இதயத்தைப் பொருத்தினார். குழந்தை சில மணி நேரமே வாழ்ந்தது. மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் 1980களில் புழக்கத்துக்கு வந்த பிறகே இத்துறை தலைநிமிர்ந்தது. 1985இல் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் லியனார்டு பெய்லி பச்சிளங்குழந்தை ஒன்றுக்குச் செய்த அறுவை வெற்றி பெற்றது.

அறுவை சாத்தியமா என்ற கேள்வி அத்துடன் முடிந்தது. எத்தனை காலத்துக்கு என்பதே இன்றைய கேள்வி.

உலகெங்கும் இருந்து திரட்டப்படும் பன்னாட்டுப் பதிவேடு ஒரு வியப்பான விடையைத் தருகிறது. ஒரு வயதுக்குள் இதயம் மாற்றப்பட்டவர்களில் பாதிப் பேர் சுமார் 22 ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். 11 முதல் 17 வயதுக்குள் மாற்றப்பட்டவர்களுக்கோ அந்த அளவு சுமார் 13 ஆண்டுகள்தான். முதல் சில மாதங்களில் அதிகம் இறப்பவர்கள் சிசுக்களே. அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டால் அவர்களே நெடுங்காலம் நிலைக்கிறார்கள்.

இதற்குச் சிசுவின் உடலிலேயே ஒரு காரணம் உண்டு. அதன் நோயெதிர்ப்பு ஆற்றல் இன்னும் முதிர்ந்திருக்காது. டொரண்டோவில் லோரி வெஸ்ட் குழு, இரத்தப் பிரிவு பொருந்தாத இதயங்களைச் சிசுக்களுக்குப் பொருத்தி 2001இல் முடிவுகளை வெளியிட்டது. வளர்ந்தவர்களிடம் உயிரைப் பறிக்கக்கூடிய அந்தப் பொருத்தமின்மையைச் சிசுக்களின் உடல் ஏற்றுக்கொண்டது. கொடையாளர் கிடைக்காமல் காத்திருந்தே இறந்த எத்தனையோ குழந்தைகளை எண்ணினால் இதன் அருமை புரியும்.

ஆனால் உடலியல் மட்டும் முழு விடையாகாது. எந்த வயதில் மாற்றப்பட்ட இதயமானாலும், அதைச் சுமப்பவர் 17 முதல் 24 வயதுக்குள் இருக்கும்போது அது செயலிழக்கும் அபாயம் ஏறுகிறது, பிறகு இறங்குகிறது. நோயெதிர்ப்பின் முதிர்ச்சி மட்டுமே காரணமென்றால் இருபத்தைந்துக்குப் பின் அபாயம் ஏன் குறைய வேண்டும்? அந்த ஆண்டுகளில்தான் மாத்திரைப் பொறுப்பு தாயின் கையிலிருந்து பிள்ளையின் கைக்கு மாறுகிறது. குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு அனுப்பப்படுவதும் அப்போதுதான். நிராகரிப்பைத் தடுக்க இவர்கள் விழுங்கும் டாக்ரோலிமஸ் வேளை தவறாமல் உள்ளே போக வேண்டிய மருந்து. கை நடுக்கம் தருகிற, சிறுநீரகத்தையும் மெல்லக் கெடுக்கிற ஒரு மருந்தை, உடம்பில் எந்தக் குறையும் தெரியாத பதினேழு வயதுப் பிள்ளை நாள் தவறாமல் விழுங்குவது எளிதல்ல. வேளை தவறுவதை ஒழுக்கக் குறைவு என்று கடிந்து ஒதுக்குவது அநியாயம்.

தவறினால் உடனே தெரிவதுமில்லை. அறுவையில் நரம்புகள் துண்டிக்கப்படுவதால், நிராகரிப்பின் விளைவாக இதயத் தமனிகள் உள்ளுக்குள் தடித்துக் குறுகும்போதும் பெரும்பாலும் நெஞ்சுவலி வராது. அதனால்தான் நலமாக இருப்பவருக்கும் குறித்த காலத்தில் ஆஞ்சியோகிராம் எடுக்கிறார்கள். இன்னோர் ஆபத்து எப்ஸ்டீன்-பார் வைரஸ். அதை முன்பு கண்டிராத குழந்தை, கொடையாக வந்த இதயத்தின் வழியே அதைப் பெற்றால், மருந்து நோயெதிர்ப்பை அடக்கி வைத்திருப்பதால் நிணநீர்ப் புற்று வரக்கூடும். அதற்கு அஞ்சி மருந்தைக் குறைத்தால் நிராகரிப்பு தலைதூக்கும்.

எனவே அடுத்த கட்ட முதலீடு அறுவை அரங்கில் மட்டும் இருந்தால் போதாது. இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று கணக்கிட்டால், மருந்து தவறுவதை முன்கூட்டியே ஊகிக்கலாம். கல்லீரல் மாற்றப்பட்ட சிறுவர்களிடம் இந்த முறை சோதிக்கப்பட்டிருக்கிறது. வழக்கமான இரத்தப் பரிசோதனையே போதும். தனிச் செலவு இல்லை. இதய மாற்று மையங்கள் பன்னிரண்டு வயதிலிருந்தே இந்த ஏற்ற இறக்கத்தைக் குறித்துவர வேண்டும். பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றும் நாளைப் பிறந்த தேதியை வைத்து அல்லாமல் அந்தக் குறிப்பை வைத்துத் தீர்மானிக்க வேண்டும்.