பெருவிரல் நிமிர்ந்தது; மூட்டு வளையவில்லை

புலம்பெயர்ந்து வாழும் பழைய பத்திரிகை நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் பேசினார். கால் பெருவிரலின் அடிமூட்டுப் புடைத்து, விரல் அடுத்த விரலின் மீது சாய்ந்து, சப்பாத்து அணிய முடியாமல் பல ஆண்டுகள் துன்புற்றவர் அவர். சத்திரசிகிச்சையின் பின்னர் விரல் நிமிர்ந்துவிட்டது. ஆனால், புண் ஆறும்வரை காலை அசைக்காதிருப்பதே நல்லது என்று தாமாகவே தீர்மானித்து, இரண்டு மாதங்களாகப் பாதத்தைத் தலையணையில் வைத்தபடி இருந்துவிட்டார். இப்போது விரல் நேராக நிற்கிறது, வளைய மறுக்கிறது. படியேறுவதே அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது.

நண்பரின் நம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மேற்குலக மருத்துவமே நீண்டகாலம் போதித்த பாடம் அது.

இந்நோயை ஆங்கிலத்தில் 'பனியன்' என்பர். அதை அப்படியே எழுதினால் வாசகர்கள் உள்ளாடையை நினைத்துக்கொள்வார்கள் என்பதால் 'பெருவிரல் மூட்டுப் புடைப்பு' என்றே குறிப்பிடுகிறேன். 1870களின் தொடக்கத்தில் ஜேர்மனிய சத்திரசிகிச்சை நிபுணர் கார்ல் ஹியூட்டர் இதற்கு 'ஹலக்ஸ் வல்கஸ்' என்ற மருத்துவப் பெயரைச் சூட்டினார். 1881இல் ஜெனீவாவைச் சேர்ந்த ரெவர்டின் என்பை வெட்டி நேராக்கும் முறையை விபரித்தார். 1904இல் அமெரிக்க இராணுவ வைத்தியர் கெல்லர், 1928இல் மக்பிரைட், 1934இல் லாபிடஸ் என்று பட்டியல் நீண்டு, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட முறைகள் பதிவாகியுள்ளன. ஒரு சிறிய மூட்டுக்கு இத்தனை முறைகளா என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

கத்தி வைத்த பின்னர் என்ன செய்வது என்பதில்தான் பெரும் சர்ச்சை நிலவியது. இலண்டனைச் சேர்ந்த ஜோன் ஹில்டன், 1863இல் நூலாக வெளிவந்த விரிவுரைகளில், ஓய்வே இயற்கையின் மருந்து என வாதிட்டார். லிவர்பூலில் ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்த ஹியூ ஓவன் தோமஸ் அதற்கும் ஒருபடி மேலே சென்றார். ஓய்வு கட்டாயமானதாகவும் இடையறாததாகவும் நீண்டதாகவும் இருக்கவேண்டும் என்பது அவரது கொள்கை. அவர் வடிவமைத்த தொடைச்சட்டம் முதலாம் உலகப் போரில் எண்ணற்ற சிப்பாய்களின் உயிரைக் காத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. மறுபுறத்தில், பிரான்ஸின் லூக்கா-ஷாம்பியோனியேர், முறிந்த உறுப்பையும் மெல்ல அசைத்து, பிடித்துவிட வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதினார். அன்று அவரது குரல் பெரிதாக எடுபடவில்லை.

அதற்கு நியாயமான காரணமும் உண்டு. வெட்டிய என்பை உள்ளிருந்து உறுதியாகப் பிடித்துவைக்கும் சாதனங்கள் வைத்தியர்களிடம் இருக்கவில்லை. அசைத்தால் என்பு விலகிவிடும் என்ற அச்சத்தில் பிளாஸ்டர் கட்டை நாடினார்கள். என்பு பொருந்தியது, ஆனால் அசையாதிருந்த மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு படர்ந்து இறுகியது.

1958இல் சுவிற்சர்லாந்தில் தொடங்கப்பட்ட 'ஏஓ' எனும் வைத்தியர் குழு, என்பைத் திருகாணியாலும் தகட்டாலும் பிணைத்துவிட்டு விரைவிலேயே அசைக்கவேண்டும் என்பதை விதியாக்கியது. 1970இல் ரொறன்ரோவின் ரொபேர்ட் சால்ற்றர், முயல்களில் செய்த ஆய்வுகளின் வழியே, இடைவிடாத மென்மையான அசைவு மூட்டுக் குருத்தெலும்பு ஆறுவதற்கு உதவுகிறது எனக் காட்டத் தொடங்கினார். 1990களில் பிரான்ஸின் பரூக், சிறு திருகாணிகளோடு, முன்பாதத்தில் பாரம் விழாத விசேட சப்பாத்தையும் பரவலாக்கினார்.

இன்று பலர் சத்திரசிகிச்சை முடிந்த அன்றோ மறுநாளோ அத்தகைய சப்பாத்துடன் குதிக்காலில் நடக்கிறார்கள். முதல் இரு வாரங்கள் பெரும்பாலும் பாதத்தை உயர்த்தி வைத்திருக்கவேண்டும். குருதி உறையாதிருக்கக் கணுக்காலை அசைக்கவேண்டும். தையல் பிரித்த பின்னர், வைத்தியர் அனுமதித்தால், பெருவிரலைக் கையால் பிடித்து மேலும் கீழும் மெதுவாக வளைக்கலாம். நுனியைப் பிடித்து வளைத்தால் நடுமூட்டுத்தான் வளையும். அடிமூட்டுக்கு அருகில் பிடிப்பதே முறை. பின்னர் தரையில் விரித்த துவாயை விரல்களால் சுருட்டுவதும், இறுதியில் குதிக்காலை உயர்த்தி நிற்பதும் வரும். என்பு பொருந்த ஏறத்தாழ 6 வாரங்கள் செல்லும். வீக்கம் 6 மாதங்களோ அதற்கு மேலோ நீடிக்கலாம். அடிமூட்டையே பிணைத்து இறுக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இந்த வளைக்கும் பயிற்சி பொருந்தாது.

நண்பர் தாமதமாகவேனும் இயன்மருத்துவரை நாடியிருக்கிறார். கடந்த வாரம் மீண்டும் பேசினார். துவாயின் ஓரத்தை விரல்களால் கவ்வ முடிகிறதாம். படிகளில் மட்டும் இன்னும் கைப்பிடியை விடவில்லையாம்.