அலுமினியத்தின் தோலும் மின்வில்லும்

உலோகங்களை உருக்கி ஒன்றோடொன்று இணைக்கும் கலையைப் பட்டறைகளில் ‘வெல்டிங்’ என்ற பெயராலேயே பலரும் அறிவர். இரும்பைப் பொறுத்தவரை இக்கலை ஊர்தோறும் பரவிவிட்டது. வாயிற் படலைக்கும் யன்னற் கம்பிக்கும் உருக்கியொட்டுவோரைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. அலுமினியமோ அவ்வாறு எளிதிற் பணிவதில்லை. இரும்பில் இருபது ஆண்டு பழகிய கையும் அலுமினியத் தகட்டின் முன்னே முதல்நாள் தடுமாறுகின்றது. அப்படியிருந்தும், பிழைப்புக்காக அன்றி ஓய்வுநேர விருப்பத்துக்காக, வீட்டுக் கொட்டிலில் ஒரு சிறு இயந்திரத்தை வைத்துக்கொண்டு அலுமினியத்தை ஒட்டப் பழகுவோர் இன்று பல நாடுகளிலும் இருக்கின்றனர். அவர்கள் கையாளும் முறை ‘டிக்’ எனப்படும். தங்குதன் என்ற உலோகத்தின் பெயரையும், சடத்துவ வாயு என்ற பெயரையும் ஆங்கிலத்திற் சுருக்கியதால் வந்த சொல் அது. அந்தக் கொட்டிலில் நேரும் இடர்கள் புதியனவல்ல. அவை ஒவ்வொன்றும் ஒரு காலத்திற் பெரும் பொறியியலாளரைத் திணறவைத்தவையே.

இடர்களுக்கெல்லாம் மூலம் அலுமினியத்தின் தோல். புதிதாக வெட்டிய அலுமினியத்தின் மீது காற்றுப் பட்டதும், அதிலுள்ள ஒட்சிசனோடு கூடி, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று உண்டாகின்றது. இப்படலமே உலோகத்தைத் துருவினின்றும் காக்கும் கவசம். ஆனால் ஒட்டுவோனுக்கு அதுவே பகை. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகிவிடும். அதன் தோலோ 2,000 பாகையைக் கடந்த பின்னரே உருகும். உள்ளே உலோகம் பாலாய் உருகிக் கிடக்க, மேலே தோல் உருகாமல் ஒரு பை போல அதைப் பிடித்து நிற்கும். இரு தகடுகளின் விளிம்புகளும் உருகியும் கலவா. இன்னும் சூடேற்றினால் தகட்டில் திடீரென ஓட்டை விழும்.

இந்த உலோகம் மலிவானதும் ஓர் இளைஞனின் கொட்டிலிலேயே என்பது சுவையான செய்தி. 1886ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திலுள்ள ஓபலின் என்ற சிற்றூரில், சார்ள்ஸ் மாட்டின் ஹோல் என்ற 22 வயது இளைஞர், வீட்டோடு சேர்ந்த விறகுக் கொட்டிலில், தமக்கை யூலியாவின் துணையோடு, மின்சாரத்தின் உதவியால் அலுமினியத்தைப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டிற் பிரான்சில் போல் ஏரூ என்பவரும் இதே வழியைத் தனித்துக் கண்டார். இருவரும் பிறந்தது 1863இல். இருவரும் மறைந்தது 1914இல். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1884இல், வாசிங்ரன் நினைவுத் தூணின் உச்சியில் ஒரு சிறு அலுமினியக் கூம்பைப் பெருமையோடு பொருத்தியிருந்தார்கள். அத்துணை அரிய பொருள் சில ஆண்டுகளில் அடுப்படிப் பாத்திரமாயிற்று. 1906இல் யேர்மனியில் அல்பிரட் வில்ம், செம்பு முதலியன சேர்த்த அலுமினியக் கலப்புலோகம் நாள்பட வைரமேறுவதைக் கண்டறிந்தார். அதன் பின் ஆகாயவிமானம் அலுமினியத்தின் வடிவம் பெற்றது. ஆனால் அந்த விமானங்களின் உடலை ஒட்டவில்லை. ஆயிரமாயிரம் தறையாணிகளால் தைத்தார்கள்.

ஒட்டவே இயலாது என்றில்லை. அசற்றிலீன் சுவாலையாலும் ஐதரசன் சுவாலையாலும் ஒட்டினார்கள். தோலைக் கரைப்பதற்குக் குளோரைட்டு, புளோரைட்டு உப்புக்களாலான இளக்கியைப் பூசினார்கள். இளக்கி எரியும்போது எழுந்த செம்மஞ்சள் ஒளி உருகிய இடத்தையே மறைத்தது. வேலை முடிந்தபின் மூலைகளில் எஞ்சிய உப்பு, ஈரம் பட்டதும் உலோகத்தை அரித்துத் தின்றது. உள்ளே கைபோகாத ஒரு தாங்கியை இம்முறையில் ஒட்டிக் கொடுத்தவன், அது எப்போது கசியும் என்ற அச்சத்தோடேயே கொடுத்தான்.

தோலைக் கரைப்பதிலும் பார்க்க, அது மீண்டும் உண்டாகாதபடி ஒட்சிசனை விலக்கி வைப்பது மேலல்லவா? அதற்கு வேண்டிய வாயுக்கள் முன்னரே கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. காற்றிலிருந்து எடுத்த நைதரசன் பிற வழியாற் பெற்ற நைதரசனிலும் சிறிதே பாரமாயிருப்பதை இரேலி பிரபு கவனித்தார். அந்தச் சிறு வேற்றுமையைத் துருவி ஆராய்ந்ததால் 1894இல் அவரும் வில்லியம் இராம்சேயும் ஆகன் என்ற வாயுவைக் கண்டனர். எதனோடும் சேராது வாளாவிருப்பதால் ‘சோம்பேறி’ என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை அதற்கு இட்டார்கள். காற்றில் நூற்றுக்கு ஒரு பங்களவு அதுவே. சூரிய ஒளியில் 1868இல் தடயம் கண்ட ஈலியத்தை இராம்சே 1895இற் பூமியிலும் கண்டார். 1930இல் ஹோபாட், டெவர்ஸ் என்ற இரு அமெரிக்கர், இத்தகைய வாயுக்களின் நடுவே மின்வில்லை எரிக்கும் முறைகளுக்குக் காப்புரிமை பெற்றனர். வாயுவின் விலையோ யானை விலை. எனவே பட்டறைகள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்க்க வைத்தது யுத்தம். கலிபோணியாவில் ஹோதோண் என்ற இடத்திலிருந்த நோத்திறப் விமானத் தொழிற்சாலையில், அலுமினியத்திலும் இலேசான மகனீசியத்தாலே ஒரு போர்விமானத்தை முழுவதும் ஒட்டிச் செய்ய விளாடிமிர் பாவ்லெக்கா என்ற பொறியியலாளர் எண்ணினார். மகனீசியமோ காற்றில் தீப்பற்றி எரியும் உலோகம். அங்கே பணியாற்றிய இரசல் மெரடித், உருகுநிலை 3,400 பாகையைக் கடந்த தங்குதன் கோலை மின்வாயாகக் கொண்டு, அதைச் சூழ ஈலியம் பாயும் கைப்பிடி ஒன்றை அமைத்தார். 1941இல் விண்ணப்பித்த காப்புரிமை 1942 பெப்ரவரியிற் கிடைத்தது. ஈலியத்தையும் மின்வில்லையும் சேர்த்து ‘ஈலிஆர்க்’ என்று பெயரிட்டார்கள். அந்த விமானம் 1943 செப்ரெம்பரில் முதன்முதற் பறந்தது. அடுத்த மாதமே தரையில் ஓடுகையில் சில்லு வெடித்து அழிந்தது. இரண்டே செய்ததோடு அத்திட்டமும் கைவிடப்பட்டது. விமானம் மறைந்தது, அதற்காகப் பிறந்த கைப்பிடி உலகமெங்கும் பரவியது. பிரித்தானியாவில் ஈலியத்துக்குப் பதில் ஆகனைப் பயன்படுத்தியதால் இதே முறை ‘ஆகன் ஆர்க்’ எனப்பட்டது. காற்றைத் திரவமாக்கிப் பிரிக்கும் தொழில் வளரவே ஆகனின் விலையும் இறங்கியது.

எனினும் ஒரு சிக்கல் எஞ்சியது. தங்குதனை நேர்முனையாக வைத்தால், தகட்டின் மீது மோதும் அயன்கள் தோலை உடைத்தெறிந்து வெண்மையாகத் துலக்கின; ஆனால் வெப்பத்திற் பெரும்பங்கு தங்குதனிலேயே தங்கி அதை உருக்கிற்று. எதிர்முனையாக வைத்தால் தங்குதன் பிழைத்தது, தகடு நன்கு சூடேறிற்று. தோல் மட்டும் அசையவில்லை. இவ்விரண்டையும் மாறிமாறிச் செய்யும் ஆடலோட்டமே வழியாயிற்று. செக்கனுக்கு ஐம்பது அறுபது முறை, ஒரு பாதி துலக்கும், மறுபாதி உருக்கும். திசை மாறும் ஒவ்வொரு முறையும் மின்வில் அணையப் பார்க்கும். அணையாதிருக்க உயர்மீடிறன் பொறியொன்றை ஓயாது ஊட்டினார்கள். அப்பொறியோ வானொலி அலைகளையும் எழுப்பியது. பட்டறைக்கு அயல்வீட்டார் பாட்டுக் கேட்கும்போது வானொலிப் பெட்டி கரகரத்தால் அதற்கு இதுவும் ஒரு காரணமாயிருந்தது.

அக்கால இயந்திரங்கள் நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட இரும்பும் செம்புமாக இருந்தன. அவற்றை வாங்கவும் இடம்பெயர்க்கவும் தொழிற்சாலைகளாலேயே முடிந்தது. 1970களில் மின்னோட்டத்தின் அலைவடிவைச் சதுரமாக்கும் இயந்திரங்கள் வந்தன. அலை சுழியை விரைந்து கடந்ததால் மின்வில் உறுதிபெற்றது. துலக்கும் பாதிக்கு எவ்வளவு நேரம், உருக்கும் பாதிக்கு எவ்வளவு நேரம் என்று பங்கிடவும் முடிந்தது. அடுத்து வந்த குறைகடத்தி ஆளிகள் பாரமான மின்மாற்றியைச் சிறிதாக்கின. ஒரு கையால் தூக்கக்கூடிய பெட்டியாக இயந்திரம் சுருங்கியபோதுதான் அது வீட்டுக் கொட்டிலுக்குள் நுழைந்தது.

பெட்டியைக் கொண்டுவந்தவனுக்குக் கிடைக்கும் முதல் ஏமாற்றம் நிறத்தைப் பற்றியது. இரும்பு உருகுமுன் சிவந்து, பின் வெளுத்து எச்சரிக்கும். அலுமினியம் நிறமாறாமலே உருகும். மங்கலாயிருந்த இடம் திடீரென ஈரம் பட்ட கண்ணாடிபோல மின்னும். அந்த மின்னலே அடையாளம். அதைக் கண்டு, நிரப்புக் கம்பியைத் தொட்டு, உடனே எடுக்க வேண்டும். தங்குதன் முனைக்கும் தகட்டுக்கும் இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீற்றரே. முனை குட்டையைத் தொட்டுவிட்டால் மாசுபடும். நிறுத்தி, கோலை மீண்டும் தீட்டவேண்டும். பழகுவோர் முதல் மாதத்தில் ஒட்டும் நேரத்திலும் தீட்டும் நேரமே அதிகம். உருக்கிலும் பல மடங்கு விரைவாக இவ்வுலோகம் வெப்பத்தைக் கடத்துவதால், தொடக்கத்தில் உருக மறுத்த தகடே, கை பாதிவழி போவதற்குள் முழுவதும் சூடேறி இடிந்துவிழப் பார்க்கும். அதனால் காலடி மிதியால் மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போகவேண்டும். ஒரு கை கைப்பிடியில், மறுகை கம்பியில், கால் மிதியில், கண் குட்டையில். மிருதங்கம் பழகுவோருக்கு இத்தொல்லை ஓரளவு விளங்கும்.

துப்புரவைப் பற்றி எத்துணை சொன்னாலும் தகும். உருகிய அலுமினியம் ஈரத்திலும் எண்ணெயிலுமுள்ள ஐதரசனை விழுங்கி, உறையும்போது வெளியே விட இயலாமல் ஊசித்துளைகளாக வைத்துக்கொள்ளும். ஆதலின் எண்ணெய் நீக்குதலும், வேறெந்த உலோகத்துக்கும் பயன்படுத்தாத துருவேறாக் கம்பித் தூரிகையால் தேய்த்தலும் முதற்பணி. இங்கே உயிருக்கே இறுதியாகக்கூடிய ஒரு பிழையும் உண்டு. குளோரீன் சேர்ந்த கரைப்பானால் துடைத்துவிட்டு மின்வில்லை மூட்டினால், முதலாம் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட பொசுஜீன் என்ற நச்சுவாயு அங்கே உண்டாகலாம்.

வரிசையான மீன்செதில்போல் அழகாக அமைந்த ஒட்டு உறுதியான ஒட்டு என்று நம்புவதும் பழகுவோர் இயல்பு. துவிச்சக்கரவண்டிச் சட்டங்களின் வரலாறு இந்த நம்பிக்கையைத் திருத்துகின்றது. 1970களின் முற்பகுதியில் அமெரிக்காவின் மசாசூசெற்சுத் தொழினுட்ப நிறுவகத்தில் மாணவராயிருந்த கரி கிளைன், ஒரு மாணவர் திட்டமாக அலுமினியச் சட்டம் செய்யத் தொடங்கினார். மெல்லிய, ஆனால் பருத்த குழாய்களை எடுத்து ‘டிக்’ முறையால் ஒட்டினார். வெப்பத்தால் வைரமேற்றிய இத்தகைய கலப்புலோகத்தை ஒட்டும்போது, ஒட்டின் இருமருங்கும் அந்த வைரம் கலைந்து, வலிமையில் ஐந்தில் இரண்டு பங்களவு போய்விடும். அழகிய செதில்கள் இதைக் காட்டமாட்டா. ஒட்டிய சட்டம் முழுவதையும் உலையிற் சூடேற்றி, குளிர்வித்து, மீண்டும் மிதமான சூட்டிற் பதப்படுத்திய பின்னரே வலிமை திரும்பும். கிளைன் அவ்வாறே செய்தார். அவர் சட்டங்கள் புகழ்பெற்றன.

கொட்டிலிற் பழகுவோனிடம் அத்தகைய உலை இருப்பதில்லை. ஆதலின் விவரமறிந்தோர் சைக்கிள் முள்ளையும் மோட்டார்ச் சைக்கிள் சட்டத்தையும் முதலில் தொடமாட்டார்கள். பெட்டி, தாங்கி, இருக்கைக் கால் என்று உயிரைச் சுமக்காத பொருள்களையே செய்வார்கள். நிரப்புக் கம்பியிலும் தேர்வு வேண்டும். வெறும் உலோகத்தையே உருக்கிச் சேர்த்தால் சில கலப்புலோகங்கள் குளிரும்போதே வெடிக்கும். ஐந்து சதவீதம் சிலிக்கனோ மகனீசியமோ சேர்ந்த கம்பி அவ்வெடிப்பைத் தடுக்கும். செய்தது சரியா என்றறியப் பெரிய கருவியொன்றும் வேண்டியதில்லை. ஒட்டிய துண்டைக் குறுக்கே வாளால் அறுத்துப் பார்க்கிறார்கள். இன்னொரு துண்டை வைசில் இறுக்கிச் சுத்தியலால் மடிக்கிறார்கள். அடிப்புறம் பிளந்தால், உருகல் உள்ளே இறங்கவில்லை என்று தெரிந்துவிடும். அப்போது புதிய இரு துண்டுகளை வெட்டி, தூரிகையால் தேய்த்து, மறுபடியும் முகமூடியை இறக்கிக்கொள்கிறார்கள்.