அரிசி வழி: கொச்சங்காடியும் மரக்காயர் கடல்வணிகமும்

16-ஆம் நூற்றாண்டுக் கொச்சியிலிருந்து நமக்கு இரண்டு முஸ்லிம் மரபுகள் தெரிகின்றன. ஒன்று, போர்த்துக்கீசியருக்கு மிளகும் அரிசியும் கொடுத்துதவிய மரக்காயர் வணிகம். மற்றொன்று, அதே போர்த்துக்கீசியரை எதிர்த்துப் போரிட அறைகூவல் விடுத்த மக்தூம் அறிஞர் குடும்பம். முன்னதை வணிக வரலாறு என்றும் பின்னதைச் சமய வரலாறு என்றும் பிரித்துப் படிப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டையும் ஒரே சரக்கு இணைத்தது என்பது இக்கட்டுரையின் வாதம். அச்சரக்கு மிளகன்று, அரிசி.

கொச்சியின் கொச்சங்காடி பழைய குடியேற்றம். அங்கிருந்த யூதத் தொழுகைக்கூடத்தின் 1344-ஆம் ஆண்டுக் கல் இன்றும் மட்டாஞ்சேரிப் பரதேசி யூத ஆலயச் சுவரில் இருக்கிறது. 1341-இன் பெரியாற்று வெள்ளம் கொச்சி முகத்துவாரத்தைத் திறந்தது என்னும் பரவலான கருத்தை ஏற்றால், துறைமுகம் பிறந்த சூட்டிலேயே வணிகர் குடியேறிவிட்டனர் எனலாம். கொச்சங்காடியிலுள்ள செம்பிட்ட பள்ளிவாசலோடு தொடர்புடைய நைனா குடும்பத்தார் தம் பூர்வீகம் காயல்பட்டினம் என்கிறார்கள். மக்தூம் குடும்பமும் மஅபரிலிருந்து, அதாவது சோழமண்டலக் கரையிலிருந்து, வந்ததாகவே மரபு கூறுகிறது. முதலாம் ஸைனுத்தீன் மக்தூம் 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொச்சியில் பிறந்து, பின்னர் பொன்னானியில் நிலைகொண்டார்.

இத்தனை பேர் ஏன் கிழக்கிலிருந்து வந்தார்கள்? மலபாரில் மிளகும் தென்னையும் விளைந்தன. ஊருக்குப் போதுமான நெல் விளையவில்லை. மாலத்தீவிலோ நெல்லே கிடையாது. அங்கே கயிறும் சோழியும் மாசிக் கருவாடும் உண்டு. இலங்கையில் இலவங்கப்பட்டை. உணவைப் பொறுத்தவரை மலபாரும் கடலை நம்பிய ஒரு தீவுதான். சோழமண்டல நெல்லைக் கப்பலேற்றத் தெரிந்தவர்கள் இந்த மூன்று இடங்களிலும் தவிர்க்க முடியாதவர்களானார்கள். மிளகு ஐரோப்பியக் கணக்கேடுகளை நிரப்பியது. மலபாரில் அடுப்பு எரிந்தது அரிசியால். இந்த வேறுபாட்டை நம் வரலாற்றெழுத்து போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் வருத்தம்.

1503-இல் கொச்சியில் கோட்டை எழுப்பிய போர்த்துக்கீசியருக்கும் சோறு வேண்டியிருந்தது. செரீனா மரக்கார், மாமாலி மரக்கார் போன்றோர் அவர்களுக்குத் துணைநின்றது அதனால்தான். அதில் துரோகம் தேடுவது பிற்காலப் பார்வை. உறவு முறிந்தது கடல் மூடப்பட்டபோது. கர்த்தாஸ் என்னும் அனுமதிச் சீட்டு இல்லாத கலங்கள் பறிக்கப்பட்டன. கொச்சியில் போர்த்துக்கீசியருக்கு நண்பராயிருந்த பட்டு மரக்கார், கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் பக்கம் போனார். 1522-இல் மறைந்த முதலாம் ஸைனுத்தீனின் அரபுச் செய்யுள் ‘தஹ்ரீழ்’, போர்த்துக்கீசியரை எதிர்க்கப் போருக்கு அழைத்தது. அதன் மொழி சமயத்தின் மொழிதான். அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தக் குரலுக்குச் செவிசாய்க்கத் தயாராயிருந்தவர்களில், சரக்கும் பிழைப்பும் பறிபோன கடலோடிகளும் இருந்தார்கள்.

1538-இல் பட்டு மரக்காரின் படை இலங்கை அரசுரிமைப் பூசலில் சீதாவாக்கை மன்னர் மாயாதுன்னைக்கு உதவ அத்தீவு நோக்கிச் சென்றது. இராமநாதபுரக் கரையின் வேதாளையில் போர்த்துக்கீசியத் தளபதி மார்ட்டிம் அஃபோன்சோ டி சூசா அதை முறியடித்தார். போர் நடந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் நடுவே, சோழமண்டல அரிசிக் கலங்கள் மேற்கே திரும்பும் இடுக்கு அது. அந்த நீர்வழியை இழந்தால் கொச்சிக்கும் கோழிக்கோட்டுக்கும் நெல் வருவது மாற்றான் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடும். மரக்காயர் அந்த அரசுரிமைப் பூசலில் தலையிட்டதை அயல்நாட்டுச் சாகசமாகப் பார்ப்பதைவிட, தம் அரிசி வழியைக் காக்க நடத்திய போராகப் படிப்பதே பொருந்தும்.