கறுழும் பொதிச்சேணமும்

போடிநாயக்கனூருக்கு மேலே, குரங்கணியைக் கடந்து ஏறும் மலைப்பாதைகளில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இன்றும் பொதி சுமக்கின்றன. மிளகும் காப்பியும் கீழே இறங்குகின்றன. அரிசியும் உப்பும் மேலே ஏறுகின்றன. தேர்தல் காலத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்களே குதிரை முதுகில் மலைக்கிராமங்களுக்குச் சென்றதுண்டு. இந்தக் குதிரைகளின் மேல் ஆள் ஏறுவதில்லை. உடையவர் பக்கத்தில் நடக்கிறார். கையில் ஒரு தலைக்கயிறு இருந்தால் அவருக்குப் போதும்.

குதிரையின் வாயில் எதை மாட்டுவது, முதுகில் எதை வைப்பது என்னும் இரு கேள்விகள் மனிதன் குதிரையைப் பழக்கிய நாள்தொட்டு இருந்து வருகின்றன. ஏறிச் செல்கிறவன் முதற் கேள்வியிலேயே நின்றுவிடுகிறான். நடந்து செல்கிறவனுக்கு இரண்டாவதே பெரிது. ஏறிச் சென்றவர்களின் கருத்துகளும் பிடிவாதங்களும் இலக்கியத்திலும் பயணக் குறிப்புகளிலும் நிறையவே பதிவாகியுள்ளன. ஒவ்வொருவனும் தன் கடிவாளத்தை அறிவென்றும் பிறன் கடிவாளத்தை அறியாமை என்றும் எண்ணியிருக்கிறான்.

சங்க இலக்கியத்தில் கடிவாளத்துக்குக் கறுழ் என்றொரு பெயர் உண்டு. புறநானூற்றின் நான்காம் பாட்டில், உருவப் பஃறேர் இளஞ்சேட்சென்னியின் போர்க்களத்தைப் பரணர் காட்டுகிறார். வாளும் கழலும் தோலும் களிறும் வரிசையாக வருகின்றன. அவற்றினிடையே, கறுழ் உரசிச் சிவந்த வாயுடன் குதிரைகள் நிற்கின்றன. இரையின் கழுத்தைக் கவ்விய புலியை அவ்வாய்களுக்குப் புலவர் உவமையாக்குகிறார். உவமையின் வேகத்தில் படிப்பவர் ஒன்றை மறந்துவிடுகிறார். புலியின் வாயில் இருப்பது இரையின் குருதி; குதிரையின் வாயில் இருப்பதோ அதன் சொந்தக் குருதி. பரணர் இதை இரக்கத்தோடு சொன்னார் என்பது மிகை. அது வெற்றிப் பாட்டு. ஆயினும் பார்த்ததை மறைக்காமல் வைத்துவிட்டுப் போனார் என்ற அளவில் அப்பாட்டு ஒரு சாட்சியம்.

குதிரையின் வாயமைப்பை அறிந்தால் அச்சாட்சியம் இன்னும் தெளிவாகும். அதன் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஈறு ஒரு வெளியாகக் கிடக்கிறது. கடிவாளத்தின் இரும்பு அமர்வது அங்கேதான். ஈற்றின் மெல்லிய தோலுக்கு அடியில் உடனே எலும்பு. வாரை இழுத்தால் இரும்பு அவ்வெலும்பையும் நாக்கையும் அழுத்தும். இரும்பு எவ்வளவு மென்மையானது என்ற கேள்விக்கு விடை பாதி இரும்பிலும் பாதி அதை இழுக்கும் கையிலும் இருக்கிறது. குதிரையேற்றக்காரர் சண்டைகள் பெரும்பாலும் முதற் பாதியைப் பற்றியவை.

கலித்தொகையின் மருதக்கலியில் குதிரைக்கருவி வேறோர் ஊடலுக்குப் பயன்படுகிறது. குதிரையேறி வந்தேன் என்று சாக்குச் சொல்லும் தலைவனிடம், அக்குதிரை எதுவென்று தனக்குத் தெரியுமெனத் தலைவி குத்திக்காட்டுகிறாள். பரத்தையின் அணிகள் ஒவ்வொன்றும் குதிரையின் அணிகலனாக மாறுகின்றன. கருவிகளின் பெயர்கள் வீட்டுப் பேச்சில் விளையாடும் அளவுக்கு அக்காலத்தில் புழங்கியிருக்கின்றன என்பது இதனால் விளங்கும்.

வெளியிலிருந்து வந்தவர்கள் கண்டது என்ன? அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவர் நியார்க்கசின் குறிப்புகளைக் கொண்டு, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அரியன் எழுதிய நூலில் வட இந்தியக் குதிரைகளைப் பற்றி ஒரு செய்தி உண்டு. இந்தியர் கிரேக்கரைப்போலச் சேணமோ கடிவாளமோ இடுவதில்லை. குதிரையின் வாயைச் சுற்றிப் பச்சைத்தோல் பட்டையொன்றைத் தைத்து, அதில் உள்நோக்கிய முட்களை வைக்கிறார்கள். முட்கள் வெண்கலத்தாலோ இரும்பாலோ ஆனவை, செல்வர் வீட்டிலோ தந்தத்தால் ஆனவை. இது விந்தை எனப் பதிவாயிற்று. ஆனால் கிரேக்கரின் கடிவாளமும் பூவாலானதன்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் செய்த செனபோன், வீரன் ஒவ்வொருவனும் வழவழப்பான கடிவாளம் ஒன்றும் முள் வைத்த கடிவாளம் ஒன்றுமாக இரண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறார். முள்ளை அறிந்த குதிரைக்கு வழவழப்பு இனிக்கும் என்பது அவர் வாதம். தந்த முள்ளைக் கண்டு வியந்த படையின் மூட்டையிலும் முள் இருந்திருக்கலாம்.

பாண்டிநாட்டுக்கு வந்த விமரிசனம் இதைவிடக் கடுமையானது. பாண்டியர் குதிரைகளைக் கடல்வழியே வாங்கினர். ஓர்மூசு, கிசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து அவை காயலில் வந்திறங்கின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அரசனும் அவன் உடன்பிறந்தாரும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாமையையும் எழுதினார். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை என்பது அவர் கூறும் காரணம். ஆனால் அவரே இன்னொன்றும் சொல்கிறார்: குதிரை மருத்துவம் தெரிந்தவர்கள் இந்நாட்டுக்கு வருவதை வணிகர்களே தடுத்தார்களாம். குதிரை சாகச் சாகத்தானே புதுக்குதிரை விற்கும்! விற்பவனே வளர்த்த அறியாமையை வாங்குபவன் தலையில் ஏற்றிய கதை இது.

பாரசீக வரலாற்றாசிரியர் வசாப், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் என விலையைக் கணக்கிட்டுவிட்டுக் கருவிகளுக்கு வருகிறார். குதிரைகளை நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைக்கிறார்கள். பிறகு பயிற்சியும் இன்றி, அங்கவடி முதலிய சவாரிக் கருவிகளும் இன்றி, இந்நாட்டு வீரர்கள் பேய்களைப்போல ஏறி ஓட்டுகிறார்கள். சில நாளில் உயர்ந்த குதிரையும் சோம்பி உருக்குலைகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. இதில் உண்மையே இல்லை என்று தள்ளுவது நேர்மையாகாது. பயிற்சியின்மை என்ற குறை குறைதான். ஆனால் அங்கவடி இல்லாமையை அறிவின்மைக்கு அடையாளமாகக் கொண்டது பழக்கத்தின் குரல். செனபோனுக்கும் அங்கவடி தெரியாது. அலெக்சாந்தர் அங்கவடி இல்லாமலே சிந்து வரை வந்தான். அதே வேளை, சாஞ்சியின் பழஞ்சிற்பங்களில், காலின் பெருவிரல் மட்டும் நுழையும் வளையத்தோடு குதிரையேறுவோர் காணப்படுகிறார்கள். அங்கவடியின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்றாக ஆய்வாளர் இதைக் கொள்கின்றனர். செருப்பில்லாத கால்களுக்கு ஏற்ற கருவி அது. குளிர்நாட்டின் மூடுகாலணிக்கு அது உதவாது.

விமரிசனம் எப்படியிருப்பினும், கருவிகள் அப்படியே நிற்கவில்லை, பெயர்களோடு மாறின. லகான், ஜீனி, சவாரி, சவுக்கு ஆகிய சொற்கள் பாரசீகத்திலிருந்து குதிரைகளோடு தமிழுக்கு வந்தவை. கலணையும் அங்கவடியும் பக்கத்திலேயே நின்றன. கறுழ் மட்டும் புலவர் நாவோடு ஒதுங்கிற்று. குதிரைவீரனைக் குறித்த இராவுத்தன் என்ற சொல் அருணகிரிநாதரின் வாயில் முருகனுக்கே உரியதாயிற்று. உத்தமபாளையம், கம்பம், போடி வட்டாரங்களில் இராவுத்தர் குடும்பங்கள் வாழ்ந்து வருவதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. மாணிக்கவாசகர் வரலாற்றில் சிவபெருமானே குதிரை வணிகராக மதுரைக்கு வந்து கயிறு மாறிக் கொடுக்கிறார். கயிறு கைமாறிய பிறகு குதிரை வாங்கியவன் பொறுப்பு. இரவில் அது நரியானாலும் விற்றவனைக் கேட்க முடியாது. பேரம் முடிந்ததன் அடையாளம் காசன்று, கயிறு.

நாயக்கர் காலத்தில் மதுரையைச் சூழ்ந்த பாளையங்களுள் போடிநாயக்கனூரும் ஒன்று. சமவெளியில் குதிரை அதிகாரத்தின் உருவம். திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தின் பாயும் கற்குதிரைகளில் வாரும் பூட்டும் மணிமாலையும் அணுவணுவாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஐயனார் கோயில் மண்குதிரைகளுக்கும் குயவர் கடிவாளம் இடத் தவறுவதில்லை. ஏறும் கடவுளுக்கு ஏற்ற கருவி வேண்டுமல்லவா!

பிறகு ஆங்கிலேயர் வந்தனர். இந்திய முட்கடிவாளத்தைக் கொடுமையென்று 19ஆம் நூற்றாண்டில் பலர் எழுதினார்கள், அது உண்மையும்கூட. அதே காலத்தில் இலண்டன் வண்டிக்குதிரைகளின் தலையை அழகுக்காக நிமிர்த்திக் கட்டும் வாரைக் கண்டித்து, ஒரு குதிரையே தன் கதையைச் சொல்வதாக அன்னா சீவல் 1877இல் நாவல் எழுத வேண்டியிருந்தது. விடுதலைக்குப் பின் இந்திய அரசின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1965இல் வந்த விதிகள் முள் வைத்த கடிவாளத்தை வெளிப்படையாகத் தடை செய்தன. பரணரின் களத்திலிருந்து அவ்விதிக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுத் தொலைவு.

அவ்விதிகளிலேயே மலைப்பாதைக்கு உரிய பகுதியும் இருக்கிறது. மட்டக்குதிரை 70 கிலோவுக்கு மேலும், கழுதை 50 கிலோவுக்கு மேலும், கோவேறு கழுதை 200 கிலோவுக்கு மேலும் சுமக்கலாகாது. நாளில் 9 மணிக்கு மேல் வேலையில்லை. ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணிக்கு மேலும் இல்லை. இங்கே பேச்சு வாயை விட்டு முதுகுக்கு வந்துவிடுகிறது.

ஏலமலையின் பொருளாதாரம் நெடுங்காலம் முதுகுகளின் மேல் நடந்தது. தலைச்சுமை, பொதிமாடு, கழுதை, மட்டக்குதிரை என்பனவே வாகனங்கள். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் இட்ட ஒற்றைத் தண்டவாளத்தில்கூட முதலில் இழுத்தவை மாடுகளே. 1908இல் நீராவி வண்டி வந்தது. 1924 வெள்ளம் அதை அழித்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கோட்டகுடிப் பக்கம் கம்பிவடத்தில் தேயிலை இறங்கியது. மதுரையிலிருந்து போடிக்கு 1928இல் இரயில் வந்தது. இருப்புப்பாதையும் கம்பிவடமும் எட்டாத ஊர்களுக்குக் குதிரை மட்டும் மிஞ்சியது.

அந்தக் குதிரையின் கருவி பொதிச்சேணம். அதன் இலக்கணம் எளிது, பிழைத்தால் தண்டனை உடனடி. திணித்த மெத்தைகள் முதுகெலும்பின் இருபுறமும் விலா மேல் அமர வேண்டும். நடுவெலும்பின் மேல் பாரம் படக்கூடாது. இருபக்க மூட்டையும் ஒரே எடையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் சேணம் சாய்ந்து ஒரே இடத்தைத் தேய்க்கும். ஏற்றத்தில் பாரம் பின்னே வழுகும். அதை மார்பு வார் பிடித்து நிறுத்தும். இறக்கத்தில் பாரம் கழுத்தை நோக்கிச் சரியும். அப்போது வாலின் அடியிலும் தொடையின் பின்னாலும் செல்லும் வார்கள் தாங்கும். சமவெளிச் சேணத்துக்கு வயிற்றுவார் ஒன்றே பெரும்பாலும் போதும். மலையில் மூன்றும் வேண்டும். இறக்கமே குதிரைக்குக் கடினம் என்பதைச் சவாரிக்காரர் நூல்களைவிட இவ்வார்கள் தெளிவாகச் சொல்கின்றன.

பொதிக்குதிரையைப் பாடிய பாட்டு அரிது. வாய் சிவந்த போர்க்குதிரைக்குப் பரணர் கிடைத்தார். முதுகு புண்பட்ட மலைக்குதிரைக்கு விதிநூலின் ஓர் எண் கிடைத்தது. போடி ஏலக்கூடத்தில் ஏலக்காயின் நிறமும் பருமனும் பார்த்து விலை வைக்கப்படுகின்றன. மலையில் பாரம் இறக்கியதும் கைதேர்ந்த உடையவர் செய்யும் முதல் வேலை, சேணத்தை எடுத்துவிட்டு ஈர முதுகில் உள்ளங்கையை மெல்ல ஓட்டிப் பார்ப்பது. எங்கேனும் சூடு தட்டினால், மெத்தையைப் பிரித்துத் திணிப்பை மாற்றிக் கட்டும் வரை அந்தக் குதிரைக்குப் பொதி கிடையாது.