கதவு பூட்டினால்தான் நகரும்

லிஃப்டின் வரலாற்றை எழுதுபவர்கள் அநேகமாக எல்லோரும் கயிற்றிலிருந்தே தொடங்குகிறார்கள். 1854-இல் நியூயார்க் கிரிஸ்டல் பேலஸ் பொருட்காட்சியில், கூட்டத்தின் தலைக்கு மேலே தொங்கிய மேடையில் நின்றுகொண்டு எலிஷா ஓடிஸ் அந்த மேடையைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை சற்றே இறங்கி நின்றுவிட்டது. கயிற்றின் இழுவை போனதும், வளைந்திருந்த வண்டி வில் நிமிர்ந்து இருபுறச் சட்டங்களிலும் வெட்டியிருந்த பற்களில் மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான் அந்தக் கருவி. மூன்று ஆண்டுகள் கழித்து, 1857-இல், பிராட்வேயில் ஐந்து மாடி ஹாவவுட் கடையில் அவருடைய பயணிகள் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. அங்கிருந்து கதை நேரே வானளாவிய கட்டடங்களுக்குப் போய்விடுகிறது. இந்தக் கதையில் பொய் ஏதுமில்லை. ஆனால் மனிதர்களை லிஃப்ட் உண்மையில் எப்படிக் கொன்றது என்று கேட்டால் இது பதில் சொல்லாது. லிஃப்டை நம்பத்தக்கதாக ஆக்கிய பெருமையில் பெரும்பங்கு ஓடிஸின் பிரேக்கைவிட, ஒவ்வொரு மாடியிலும் கதவுக்கு மேலே கண்ணுக்குப் படாமல் உட்கார்ந்திருக்கும் சிறிய பூட்டுக்கே உரியது என்பது என் வாதம். அது ஏன் அரை நூற்றாண்டுக்கு மேல் தாமதமாக வந்தது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

கயிறு அறுந்து லிஃப்ட் விழுவது மிக அபூர்வம். ஒரு கயிற்றை நம்பி எந்தப் பயணிகள் லிஃப்டும் தொங்குவதில்லை. பல கம்பிக் கயிறுகள் சேர்ந்து தாங்குகின்றன, தேவைக்குப் பல மடங்கு வலுவோடு. 1945 ஜூலையில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு லிஃப்ட் எழுபதுக்கும் மேற்பட்ட மாடிகள் விழுந்ததற்கு ஒரு குண்டுவீச்சு விமானம் அந்தக் கட்டடத்தில் மோத வேண்டியிருந்தது. அப்போதும் உள்ளே இருந்த பெண் பிழைத்துக்கொண்டார். வாசலில் நேரும் மரணம் வேறு வகை. இரண்டே விதங்களில் அது நடக்கும். ஒன்று, கதவு திறக்கிறது, லிஃப்ட் அங்கே இல்லை. காலை எடுத்து வைத்தவர் குழிக்குள் விழுகிறார். மற்றொன்று, ஒருவர் நிலைப்படியைத் தாண்டிக்கொண்டிருக்கும்போதே லிஃப்ட் கிளம்பிவிடுகிறது. அதன் தளத்துக்கும் கதவின் மேல் உத்தரத்துக்கும் நடுவே உடல் சிக்கிக்கொள்கிறது. இந்த இரண்டிலும் கயிறு நன்றாகவே இருக்கிறது, லிஃப்ட் தன் வழக்கமான வேகத்தில்தான் போகிறது. ஓடிஸின் பிரேக்குக்கு இங்கே வேலையே இல்லை.

தொடக்கக் காலச் சரக்குத் தூக்கிகளில் இன்று நாம் அறிந்த கதவு இருக்கவில்லை. தொழிற்சாலையின் ஒவ்வொரு தளத்திலும் தரையில் ஒரு சதுர ஓட்டை, அதன் மேல் ஒரு பொறிக்கதவு. பல இடங்களில் அதுவும் கிடையாது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1877-இல் தொழிற்சாலைச் சட்டம் கொண்டுவந்தபோது, தூக்கிகளின் திறப்புகளுக்குத் தாமே மூடிக்கொள்ளும் மூடிகளோ அதுபோன்ற காப்போ வேண்டும் என்று கட்டளையிட்டது. குழியை மூடிவைக்க வேண்டும் என்ற எண்ணம் சட்டத்தில் ஏறிவிட்டது. ஆனால் மூடுவதும் பூட்டுவதும் வேறு வேறு. பூட்டுவதிலும் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன: லிஃப்ட் இல்லாத இடத்தில் கதவு திறக்கக் கூடாது, கதவு பூட்டாத நிலையில் லிஃப்ட் நகரக் கூடாது. மின்னசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரைச் சேர்ந்த அலெக்சாண்டர் மைல்ஸ் 1887-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு முதல் நிபந்தனையை அழகாகக் கையாண்டது. லிஃப்டோடு இணைத்த ஒரு வார், தளத்துக்குச் சற்று மேலும் கீழுமாக இருந்த உருளைகளில் பட்டு, நெம்புகோல்களை இயக்கி, குழிக் கதவைத் தானே திறந்து மூடியது. சிகை திருத்தும் தொழிலிலிருந்து வந்த அந்தக் கறுப்பின அமெரிக்கர், ஆட்களின் ஞாபக சக்தியை நம்பக் கூடாது என்ற முடிவுக்கு அப்போதே வந்துவிட்டார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் அவருடைய ஏற்பாட்டில் கட்டளை ஒரு திசையில்தான் போனது. லிஃப்ட் கதவை ஆட்டிவைத்தது. கதவு லிஃப்டை நிறுத்தி வைக்கவில்லை.

இரு திசையிலும் கட்டுப்படுத்துகிற யோசனை அப்போது உலகத்துக்குப் புதிதல்ல. ரயில்வேயில் அது முப்பது ஆண்டுப் பழக்கம். 1856-இல் இங்கிலாந்தின் ஜான் சாக்ஸ்பி, தண்டவாளப் பிரிவையும் கைகாட்டியையும் ஒன்றோடொன்று பிணைத்து, பாதை சரியாக அமையாமல் கைகாட்டி இறங்க முடியாதபடி காப்புரிமை பெற்றார். 1889-இல் அயர்லாந்தின் ஆர்மா அருகே பள்ளிப் பிள்ளைகள் சென்ற உல்லாச ரயில் விபத்துக்குள்ளாகி 80 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இத்தகைய பிணைப்பைக் கட்டாயமாக்கியது. அப்படியானால் அதே தொழில்நுட்ப அறிவு, அதே காலத்துப் பொறியாளர்கள், லிஃப்ட் கதவுக்கு அதை ஏன் கட்டாயமாக்கவில்லை? லிஃப்ட் வாசலில் ஆட்கள் ஒருவர் ஒருவராகச் செத்தார்கள் என்பதே காரணம் என்று நினைக்கிறேன். எண்பது பேர் ஒரே நேரத்தில் இறந்தால் நாடாளுமன்றம் கூடுகிறது. எண்பது கட்டடங்களில் எண்பது பேர் இறந்தால், எண்பது முறையும் ‘பார்த்துக் கால் வைத்திருக்க வேண்டாமா’ என்ற பேச்சோடு முடிந்துவிடுகிறது. சட்டமும் அந்தப் பேச்சுக்குத் துணை நின்றது. அந்நாளைய ஆங்கிலேய, அமெரிக்க நீதிமன்றங்களில், காயம்பட்டவரின் பங்குக்குச் சிறிது கவனக்குறைவு இருந்ததாகக் காட்டினாலே முதலாளி தப்பித்துக்கொள்ளலாம். இருட்டான தாழ்வாரத்தில் திறந்து கிடந்த கதவுக்குள் நுழைந்தவரிடம் கவனக்குறைவைக் கண்டுபிடிப்பதா கடினம்? இறந்தவர் மேலேயே பழியைப் போட முடிகிற வரை, பூட்டுக்குச் செலவழிக்க எவருக்கும் அவசரம் இருக்கவில்லை.

அந்தக் கணக்கு மாறியது 1911-க்குப் பிறகு. விஸ்கான்சின் தொடங்கி, அமெரிக்க மாநிலங்கள் வரிசையாகத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்களை இயற்றின. தவறு யாருடையது என்று பார்க்காமல், வேலையில் நேர்ந்த காயத்துக்கு முதலாளி பணம் தர வேண்டும். பணத்தைக் கட்டுவது காப்பீட்டு நிறுவனம். பணம் கட்டுபவர் எண்ணிப் பார்க்காமல் இருக்க மாட்டார். எண்ணிப் பார்த்தபோது, லிஃப்ட் சாவுகளின் பெரும்பகுதி வாசலில் நடப்பது வெளிப்பட்டது. 1921-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் லிஃப்ட் பாதுகாப்பு விதித்தொகுப்பு முதன்முறையாக வந்தது. அதையொட்டி, அமெரிக்க அரசின் தர நிர்ணய அலுவலகம் சந்தையில் இருந்த கதவுப் பூட்டுகளை ஆராய்ந்து, விபத்துக் கணக்கோடு சேர்த்து அறிக்கை வெளியிட்டது. பூட்டு எத்தனை முறை தேயாமல் வேலை செய்யும், தூசியும் துருவும் ஏறினால் என்ன ஆகும் என்பவை அதன் பிறகே ஆய்வகக் கேள்விகள் ஆயின. லிஃப்ட் கதவின் வரலாற்றில் கண்டுபிடிப்பாளர்களுக்குச் சமமாக இந்தப் பெயர் தெரியாத கணக்காளர்களுக்கும் இடம் தர வேண்டும்.

பூட்டின் வேலை முறையைச் சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் அதில் உள்ள சிந்தனை மிக நுட்பமானது. ஒவ்வொரு மாடிக் கதவின் மேலும் ஒரு கொக்கி உண்டு. தன் எடையால், அல்லது அழுத்திப் பிடிக்கும் வில்லால், அது எப்போதும் பூட்டிய நிலைக்கே வர முயல்கிறது. திறப்பதற்குத்தான் யாரேனும் முயற்சி செய்ய வேண்டும். அந்த முயற்சியைச் செய்வது லிஃப்ட் பெட்டியே. தளத்துக்கு நேராக வரும்போது பெட்டியில் உள்ள தகடு கொக்கியின் உருளையைத் தள்ளித் தூக்குகிறது. தளத்துக்கு மேலோ கீழோ சில அங்குலத் தொலைவுக்குள் பெட்டி இருந்தால் மட்டுமே இது நடக்கும். ஐரோப்பிய விதி இதை 20 சென்டிமீட்டர் என்றும், பெட்டிக் கதவும் மாடிக் கதவும் சேர்ந்து இயங்கினால் 35 வரை என்றும் வரையறுக்கிறது. அடுத்த பாதி மின்சாரத்தின் வேலை. கொக்கி மாட்டிய பின் அதன் நுனியில் உள்ள உலோகத் துண்டு இரண்டு முனைகளை இணைக்கிறது. எல்லா மாடிக் கதவுகளின் முனைகளும் ஒரே தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. பத்து மாடியில் ஒன்பது பூட்டி ஒன்று திறந்திருந்தாலும் மின்சாரம் ஓடாது, மோட்டார் இயங்காது, மின்சாரத்தால் விலக்கிப் பிடிக்கப்பட்டிருந்த பிரேக் தானே இறுகும். கொக்கி வெறுமனே தொட்டால் போதாது, குறைந்தது 7 மில்லிமீட்டர் உள்ளே நுழைந்திருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய விதி. கதவு சாத்தியிருப்பதை மட்டும் காட்டும் முனையை நம்பாமல், பூட்டின் நாக்கிலேயே முனையை வைத்ததுதான் இதன் உயிர். முனைகள் உருகி ஒட்டிக்கொண்டாலும் கொக்கி எழும்போது அவற்றைப் பிய்த்துப் பிரிக்கும்படி அமைப்பது அடுத்த படி. கெட்டுப் போனால் ஆபத்தான பக்கம் சாயாமல் நின்றுபோகும் பக்கம் சாய வேண்டும் என்பதற்காக இத்தனை ஏற்பாடும்.

பெரும்பங்கு பூட்டுக்கே என்ற என் வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. பிரேக் இல்லாமல் ஒருவரும் லிஃப்டில் ஏறியே இருக்க மாட்டார்களே என்பது முதலாவது. உண்மை. மக்களின் அச்சத்தைப் போக்கியது ஓடிஸ்தான், அந்த நன்றியைக் குறைப்பது என் நோக்கமல்ல. ஆனால் அச்சம் போவதும் ஆபத்து போவதும் ஒன்றாக நிகழவில்லை. அச்சம் 1857-இலேயே போகத் தொடங்கியது, ஆபத்து வாசலில் காத்திருந்தது. இரண்டாவது, சீருடை அணிந்த லிஃப்ட் ஊழியர் இருந்த காலத்தில் பூட்டு எதற்கு என்பது. அந்த ஊழியரின் நிலையைப் பார்க்க வேண்டும். மேலேயிருந்து மணி அடிக்கிறது, கீழே வரிசை நீள்கிறது, தாமதித்தால் திட்டு. கதவு முழுதாகச் சாத்துவதற்குள் கைப்பிடியைத் திருப்பும்படி அவரைத் தூண்டிய அதே முதலாளிதான், விபத்து நடந்தால் அவரைக் குற்றவாளி ஆக்கினார். பூட்டு வந்த பிறகும் அவசரத்துக்கென்று கண்ணாடிக்குள் ஒரு விசை வைத்தார்கள், பூட்டை மீறி லிஃப்டை நகர்த்த. ஊழியர் இல்லாமல் ஓட வேண்டிய, 1890-களில் வந்த பொத்தான் லிஃப்டுகளுக்கோ கதவு முனைகள் தொடக்கத்திலிருந்தே தேவைப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும்: ஆள் இல்லாத இடத்தில் இயந்திரத்துக்கு அறிவு தர வேண்டியிருந்தது, ஆள் இருந்த இடத்தில் அவர் தலையில் கட்டிவிட முடிந்தது. 1945-இல் நியூயார்க்கின் லிஃப்ட் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து நகரத்தையே முடக்கினார்கள். ஐந்தாண்டுகளில் ஊழியர் தேவைப்படாத பெரிய அலுவலக லிஃப்டுகள் வரத் தொடங்கின. அந்த மாற்றம் சாத்தியமானதற்கு முன்பே வேரூன்றியிருந்த கதவுப் பூட்டு ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது மறுப்பு வலுவானது. ஹாம்பர்க் நகரில் 1886-இல் நிறுவப்பட்டு ஜெர்மனி முழுதும் பரவிய பாட்டர்நாஸ்டர் லிஃப்டுகளில் கதவே கிடையாது. நிற்காமல் சுழன்றுகொண்டிருக்கும் பெட்டிகளில் ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டும். நூறாண்டுக்கு மேல் அவை ஓடினவே? ஓடின, விநாடிக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் என்ற வேகத்தில், பழகிய அலுவலக ஊழியர்களை ஏற்றிக்கொண்டு. மேற்கு ஜெர்மனி 1974-இல் புதியவற்றைத் தடைசெய்தது. குழந்தையும் கிழவியும் கண் தெரியாதவரும் ஏற வேண்டிய வண்டிக்கு, சுறுசுறுப்பான குமாஸ்தாவின் கால்களை அளவுகோலாகக் கொள்ள முடியாது. இன்னொரு மறுப்பு, பூட்டு ஆட்களை உள்ளே சிறைப்பிடிக்கிறது என்பது. அதற்காகவே முக்கோணச் சாவி வந்தது. அந்தச் சாவியே புதிய குழிகளைத் திறந்துவிட்டது. காவலாளி சாவி போட்டுத் திறக்கிறார், பெட்டி வேறு மாடியில் இருக்கிறது. இன்றைய விதிகளில் சாவியை எடுத்ததும் பூட்டு தானே விழ வேண்டும், பெட்டி இல்லாத கதவு தானே சாத்திக்கொள்ள வேண்டும் என்று இருப்பது இதனால்தான்.

பூட்டு பழசாகும், பழுதுபார்ப்பவரின் கையில் அது மௌனமாக்கப்படவும் கூடும். கதவு முனை அடிக்கடி தகராறு செய்தால் ஒரு துண்டு ஒயரைப் போட்டு நேராக இணைத்துவிட்டுப் போவது எல்லா நாட்டிலும் உள்ள கெட்ட பழக்கம். 2014-இன் ஐரோப்பிய விதி இதை வெறும் தடையால் எதிர்கொள்ளவில்லை. பழுதுபார்க்கும்போது மட்டும் பயன்படும் முறையான விசை ஒன்றை வைத்து, கதவு முனைகள் உண்மையில் பிரிந்து சேர்கின்றனவா என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டியே கண்காணிக்கச் செய்தது. ஃபிரான்சில் 2003-இன் சட்டம் பழைய லிஃப்டுகளைச் செப்பனிடக் கட்டாயப்படுத்தியபோது முதல் கட்டப் பட்டியலில் மாடிக் கதவுப் பூட்டுகளும் இருந்தன. இந்தியாவில் பம்பாய் மாகாணம் 1939-இலேயே லிஃப்ட் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டுக்கு 1997-இல்தான் வந்தது.

சிறிய லிஃப்டுகளில் இந்தக் கவனம் இன்னும் பிந்தியே வந்தது. நியூயார்க் அடுக்ககங்களின் சமையலறைகளில் மளிகையும் குப்பையும் ஏற்றி இறக்க ஒரு டம்ப்வெய்ட்டர் இருக்கும். அதன் சிறு கதவைத் திறந்து, குழிக்குள் தலையை நீட்டி, கீழேயிருந்த காவலாளியைக் கூவி அழைப்பார்கள். ஆள் ஏறாத பெட்டிக்குப் பூட்டு எதற்கு என்ற நினைப்பு, நீட்டிய தலையை மறந்துவிட்டது. வீட்டு லிஃப்டில் வேறொன்றை மறந்தார்கள். மாடிக் கதவு சாதாரண அறைக் கதவு, பெட்டிக்கு மடிப்புக் கதவு. இரண்டுக்கும் நடுவே இடைவெளி. அதற்குள் ஒரு குழந்தை நின்றால், மாடிக் கதவு ஒழுங்காகச் சாத்துகிறது, கொக்கி ஒழுங்காக விழுகிறது, மின்சாரம் ஒழுங்காக ஓடுகிறது, லிஃப்ட் கிளம்புகிறது. பூட்டு தன் வேலையைப் பிழையின்றிச் செய்து முடித்திருக்கும். அமெரிக்க விதி நெடுங்காலம் அந்த இடைவெளியை 5 அங்குலம் வரை அனுமதித்தது. பிள்ளைகள் இறந்த பிறகு, 2016-இன் பதிப்பில் அது 4 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. ஏற்கெனவே வீடுகளில் பொருத்தியிருந்த லிஃப்டுகளை அந்த விதி தானாகத் திருத்திவிடவில்லை. அங்கே இடைவெளியை அளந்து அடைக்கும் பொறுப்பு வீட்டுக்காரரிடமே விடப்பட்டது.