சார்ஜிங் ஸ்டேஷனுக்கு கோடிகளில் மானியம்... முடிச்சூர் வாடகை வீடு வரை வருமா?

மேற்கு தாம்பரத்தில் இருந்து முடிச்சூர் போகும் சாலையை ஒட்டிய தெருக்களில் தனி வீடுகளும் சின்னச் சின்ன அடுக்குமாடிகளும் நெருக்கமாக இருக்கின்றன. சொந்த வீட்டுக்காரர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினால் பெரிய பிரச்சினை இல்லை. போர்ட்டிகோவில் ஒரு பிளக் பாயின்ட் போதும். ராத்திரி சொருகினால் காலையில் ஃபுல் சார்ஜ்.

அதே தெருவில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? கீழே இருக்கும் பிளக், பொது மீட்டரிலோ வீட்டு ஓனர் மீட்டரிலோ இருக்கும். பேட்டரியைக் கழற்றி மேலே தூக்கிப் போகும் வசதி எல்லா வண்டியிலும் கிடையாது. அவருக்கு வெளியே சார்ஜ் போட ஓர் இடம் வேண்டும்.

அந்த இடத்தை அமைக்க யார் காசு போடுவது? அரசா, தனியாரா, வண்டி ஓட்டுபவரா? இதுதான் சில ஆண்டுகளாக நடக்கும் விவாதம். இதில் என்ன இருக்கு, நமக்கு என்ன கிடைக்கும்? பார்க்கலாம்.

அரசு இதுவரை என்ன செஞ்சிருக்கு?

மத்திய அரசின் எலெக்ட்ரிக் வாகன மானியம் 'ஃபேம்' என்ற பெயரில் 2015-ல் தொடங்கியது. பெரிய பணம் வந்தது இரண்டாம் கட்டத்தில்தான்.

● 2019 ஏப்ரல்: ஃபேம்-2 தொடக்கம். ஒதுக்கீடு 10,000 கோடி ரூபாய். பிறகு 11,500 கோடியாக உயர்ந்தது. பெரும்பகுதி வண்டி வாங்குபவருக்கான விலைக் குறைப்புக்கே போனது.

● 2023 மார்ச்: நாடு முழுக்க 7,432 பொது ஃபாஸ்ட் சார்ஜிங் ஸ்டேஷன்கள் அமைக்க மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கு 800 கோடி ரூபாய் அனுமதி.

● 2024 செப்டம்பர்: 'பி.எம். இ-டிரைவ்' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல். மொத்தம் 10,900 கோடி ரூபாய். இதில் சார்ஜிங் ஸ்டேஷனுக்கு மட்டும் 2,000 கோடி.

அந்த 2,000 கோடியில் கார்களுக்கு 22,100, பேருந்துகளுக்கு 1,800, இருசக்கர மற்றும் மூன்று சக்கர வண்டிகளுக்கு 48,400 என மொத்தம் 72,300 சார்ஜர்கள் அமைப்பது இலக்கு.

2025-ல் இந்தத் திட்டம் 2028 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஸ்கூட்டர், ஆட்டோ வாங்குவதற்கான மானியம் 2026 மார்ச் வரைதான் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அதாவது, வண்டிக்கான மானியம் குறைகிறது. அரசுப் பணம் மெல்ல சார்ஜிங் வசதி பக்கம் நகர்கிறது.

தமிழ்நாடு அரசு என்ன கொடுக்குது?

2019-ல் முதல் கொள்கை வந்தது. 2023 பிப்ரவரியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் புதிய மின்வாகனக் கொள்கையை வெளியிட்டார். 50,000 கோடி ரூபாய் முதலீடு, 1.5 லட்சம் வேலைவாய்ப்பு என்பது அதன் இலக்கு. சாலை வரியில் 100 சதவீத விலக்கும் உண்டு. ஆனால் நேரடி மானியம், வாடகை, டெலிவரி போன்ற தொழிலுக்கு ஓடும் வண்டிகளை மையமாக வைத்தது.

2025-26 பட்ஜெட்டில் இன்னோர் அறிவிப்பு வந்தது. நல வாரியத்தில் பதிவு செய்த 2,000 இணையவழி டெலிவரி உள்ளிட்ட கிக் தொழிலாளர்களுக்கு, புதிய இ-ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம்.

உற்பத்தியில் தமிழ்நாடு முன்னணியில் இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் தயாராகும் ஸ்கூட்டர்கள் நாடு முழுக்க ஓடுகின்றன. ஆனால் 2024 பிப்ரவரி தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்குப்படி, நாட்டில் இயங்கிய 12,146 பொது சார்ஜிங் ஸ்டேஷன்களில் தமிழ்நாட்டில் இருந்தவை 643 மட்டுமே. வண்டி செய்வதில் முந்திய மாநிலம், சார்ஜ் போடும் இடத்தில் அப்போது பின்தங்கித்தான் இருந்தது.

தனியார் ஏன் தானா முன்வரல?

கணக்கு போட்டால் புரிந்துவிடும். ஓர் உதாரணம் மட்டும்.

60 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜர் ஒன்று 24 மணி நேரமும் ஓடினால் 1,440 யூனிட் விற்கலாம். நடைமுறையில் அப்படி ஓடாது. திறனில் 10 சதவீதம் ஓடினால் 144 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 720 ரூபாய். மாதம் 21,600 ரூபாய்.

மொத்த முதலீடு 10 லட்சம் என்றால், அதைத் திரும்ப எடுக்க ஏறக்குறைய 4 ஆண்டுகள். வண்டிகள் குறைவாக வந்து 5 சதவீதம்தான் ஓடுகிறது என்றால், 7 ஆண்டுகளைத் தாண்டிவிடும். இதில் இட வாடகை, ரிப்பேர், வட்டி எதுவும் சேரவில்லை.

70 சதவீதத்தை அரசு கொடுத்தால்? அதே 5 சதவீத ஓட்டத்தில், போட்ட 3 லட்சத்தை இரண்டரை ஆண்டுக்குள் எடுத்துவிடலாம்.

மானியத்தை ஆதரிப்பவர்களின் வாதம் இதுதான். சார்ஜர் இல்லாததால் மக்கள் வண்டி வாங்கத் தயங்குகிறார்கள். வண்டி இல்லாததால் யாரும் சார்ஜர் வைப்பதில்லை. இந்தச் சிக்கலை அவிழ்க்க முதல் ஆளாக அரசு பணம் போட வேண்டும்.

புது மானியம் யாருக்கு, எவ்வளவு?

பி.எம். இ-டிரைவ் விதிமுறைகளில் இடத்தைப் பொறுத்து மானியம் மாறுகிறது. செலவு இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒன்று, டிரான்ஸ்பார்மர், கேபிள் என மெஷின் வரைக்கும் கரண்ட் கொண்டு வரும் செலவு. இன்னொன்று, சார்ஜர் மெஷின் விலை.

● அரசு அலுவலகம், அரசு மருத்துவமனை, அரசுக் கல்வி நிலையம் போன்ற அரசு வளாகங்கள்: இரண்டுக்கும் 100 சதவீதம். பொதுமக்கள் எல்லோரையும் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

● ரயில் நிலையம், பேருந்து நிலையம், மெட்ரோ, எண்ணெய் நிறுவன பங்க் போன்ற இடங்கள்: கரண்ட் கொண்டு வரும் செலவில் 80 சதவீதம், மெஷினுக்கு 70 சதவீதம்.

● தெருவோரம், மால், கடை வளாகம்: கரண்ட் கொண்டு வரும் செலவில் 80 சதவீதம் மட்டும். மெஷின் விலை முழுக்க அமைப்பவர் தலையில்.

வாடகைவாசிக்கு மிக அருகில் இருப்பது தெருவோர சார்ஜர்தான். இந்தப் பட்டியலில் மிகக் குறைந்த உதவி கிடைப்பதும் அதற்குத்தான்.

எதிர்ப்பவங்க என்ன சொல்றாங்க?

முதல் கேள்வி: கார் வாங்க முடிந்தவருக்கு ஏன் எல்லோருடைய வரிப்பணம்? அதே பணத்தைப் பேருந்துக்குக் கொடுத்தால் ஆயிரம் பேர் போகலாமே என்கிறார்கள். இதற்குத் தென் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் பெரும்பாக்கம் பணிமனையில் இருந்து 135 மின்சாரப் பேருந்துகளை மாநகர் போக்குவரத்துக் கழகம் இயக்கத் தொடங்கியது. அந்தப் பணிமனையில் போடப்பட்ட சார்ஜர்கள் தினமும் வேலை செய்கின்றன, பயன் டிக்கெட் எடுப்பவர் எல்லோருக்கும் போகிறது.

இரண்டாவது: மானியப் பணம் சரியாகப் போகிறதா? ஃபேம்-2 திட்டத்தில் இருசக்கர வண்டிக்கு விலை உச்சவரம்பு இருந்தது. சில நிறுவனங்கள் சார்ஜரைத் தனியாக விலை போட்டு விற்று, வண்டி விலையை வரம்புக்குள் காட்டியது 2023-ல் வெளியே வந்தது. வாடிக்கையாளர்களுக்கு சார்ஜர் பணத்தைத் திருப்பித் தர அவை ஒப்புக்கொண்டன.

மூன்றாவது: மெஷின் வைப்பதற்கு மானியம் வாங்கிவிட்டு, அது ஓடுகிறதா என்று பார்க்காமல் விட்டால்? திறப்பு விழா பலகையோடு ஸ்டேஷன் நின்றுவிடும்.

அமெரிக்காவில் 2021-ல் சார்ஜிங் வசதிக்காக 7.5 பில்லியன் டாலர் ஒதுக்கப்பட்டது. அனுமதி, ஒப்பந்தம், மின் இணைப்பு என்று இழுத்ததில் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பணத்தில் திறந்தவை மிகக் குறைவு. பணம் ஒதுக்குவதும் ஸ்டேஷன் ஓடுவதும் வேறு வேறு என்பதற்கு அது ஒரு பாடம்.

முடிச்சூர்ல என்ன சிக்கல்?

ஒன்று, எல்லை. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது முடிச்சூர் அதில் சேர்க்கப்படவில்லை. பக்கத்துப் பெருங்களத்தூர் மாநகராட்சிக்குள் போனது. முடிச்சூர் கிராம ஊராட்சியாகவே இருந்தது.

இதனால் என்ன? 2024-ல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, புதிய இணைப்பு தர பெருநகரப் பகுதியில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதியில் 7 நாள், கிராமப்புறத்தில் 15 நாள் அவகாசம். கட்டடங்களைப் பார்த்தால் நகரம், ஆவணத்தில் ஊராட்சி என்ற இடங்களில் எந்தக் கணக்கு பொருந்தும் என்பதை ஈ.பி. அலுவலகத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புதிதாகக் கேபிள் இழுக்கவோ டிரான்ஸ்பார்மர் வைக்கவோ வேண்டும் என்றால் இன்னும் கூடுதல் நாள் ஆகும்.

இரண்டு, தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகும் கனமழையில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்றிருக்கிறது. வெளியே வைக்கும் சார்ஜர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 'ஐ.பி. 54' தரம், தூசியில் இருந்தும் மழைச் சாரலில் இருந்தும்தான் பாதுகாக்கும். இடுப்பளவு தண்ணீரில் மூழ்கினால் அந்தத் தரம் உதவாது. இங்கே மேடான இடம், உயரமான மேடை, தண்ணீர் ஏறும் முன் சப்ளையைத் துண்டிக்கும் ஏற்பாடு மூன்றும் அவசியம். அந்தக் கூடுதல் செலவும் யாரோ ஒருவர் தலையில்தான் விழும்.

மூன்று, இடம் தேர்வு. வண்டலூரில் இருந்து மீஞ்சூர் போகும் 62 கி.மீ. வெளிவட்டச் சாலை முடிச்சூர் வழியாகத்தான் போகிறது. ஆம்னி பேருந்து நிறுத்தமும் அதை ஒட்டி வந்துவிட்டது. பக்கத்தில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம். ஸ்டேஷன் நடத்துபவர் பார்வையில் இவைதான் லாபமான இடங்கள். ஊர் தாண்டிப் போகும் கார்களுக்கு நல்லது. ஆனால் உள்தெருவில் இருக்கும் ஸ்கூட்டருக்கு அது தூரம்.

வெளியே சார்ஜ் போட்டா செலவு அதிகமா?

பெரும்பாலும் ஆமாம். வீட்டில் சொந்த வண்டிக்கு வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் போடலாம், வீட்டுக் கட்டணம்தான். பொது ஸ்டேஷனில் மின்கட்டணம், சேவைக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று சேரும். எலெக்ட்ரிக் வண்டிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல்படி, பகல் 9 மணி முதல் மாலை 4 மணி வரை ஸ்டேஷன்களுக்கு மின்சாரத்தைச் சராசரி விநியோகச் செலவின் 0.7 மடங்கில் தர வேண்டும். மற்ற நேரத்தில் 1.3 மடங்கு. சூரிய மின்சாரம் பகலில் அதிகம் கிடைப்பதால் இந்த ஏற்பாடு. பகலில் சுற்றும் ஆட்டோவுக்கும் டெலிவரி ஸ்கூட்டருக்கும் இது லாபம். வேலைக்குப் போய்விட்டு ராத்திரி திரும்புபவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

அப்போ வாடகைவாசி என்ன பண்ணலாம்?

● வீட்டு ஓனரிடம் பேசி, கீழே உள்ள பிளக்குக்குத் தனி சப்-மீட்டர் போட்டுக்கொள்ளலாம். யூனிட் கணக்கில் பணம் கொடுத்தால் சண்டை வராது.

● வண்டி சார்ஜ் போடுவதற்கென்றே தனி இணைப்பு கேட்க 2024 விதிகள் இடம் தருகின்றன. அடுக்குமாடி குடியிருப்போர் சங்கமும் கேட்கலாம். எர்த்திங், தனி எம்.சி.பி. கட்டாயம். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்கவிடுவது ஆபத்து.

● சார்ஜிங் ஸ்டேஷன் நடத்த உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டது. தெரு முனையில் மளிகைக் கடை வைத்திருப்பவரும் உரிய மின் இணைப்போடு ஆரம்பிக்கலாம்.

● ஊராட்சி அலுவலகம், அரசுப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் போன்ற அரசு இடங்களுக்கு 100 சதவீத மானிய வழி இருக்கிறது. ஆனால் அந்த முன்மொழிவு மாநில அரசு, துறைகள் வழியாகத்தான் போக வேண்டும். கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கக் கேட்கலாம்.

நகரப் பகுதிகளில் 2030-க்குள் ஒவ்வொரு ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்தது ஒரு சார்ஜிங் ஸ்டேஷன் இருக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் வழிகாட்டுதல். முடிச்சூர் ஊராட்சியா, நகரமா என்ற கேள்விக்கு வரும் பதில், அந்தக் கட்டத்துக்குள் இந்த ஊர் வருமா என்பதையும் முடிவு செய்யும்.

கார் பகலில் நிற்கும் இடத்துக்கு மானியம் போகும் பாதை தெளிவாக இருக்கிறது. ஸ்கூட்டர் ராத்திரி நிற்கும் தெருவுக்கு அது எப்படி வரும் என்பதற்குத்தான் இன்னும் பதில் வர வேண்டும். 20,000 ரூபாய் மானியத்தில் ஸ்கூட்டர் வாங்கும் டெலிவரி தொழிலாளி, வாடகை வீட்டுக்குத் திரும்பியதும் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.